சுவரைத் தொடும் கூரை: ஒழுக்கை நிறுத்தும் வழி

மாரி மழையில் வீடு ஒழுகத் தொடங்கினால் நாம் முதலில் ஓடுகளைத்தான் பார்க்கின்றோம். உடைந்த ஓடுகளை மாற்றுகின்றோம். தகரத்தின் ஆணித் துளைகளைத் தாரால் அடைக்கின்றோம். அப்படியிருந்தும் அடுத்த மழைக்கு அதே சுவரில் அதே இடம் நனைகின்றது. இப்படி நனையும் வீடுகள் பலவற்றில் தண்ணீர் புகும் வாசல், பத்தியின் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் அந்த நீண்ட இணைப்பாகவே இருக்கின்றது.

இந்த இணைப்பு எம்மவரின் வீடுகளில் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2009 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்ட திட்ட வீடுகள் அளவில் சிறியவை. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா உதவியுடன் ஏறத்தாழ 550 சதுர அடி வீடு அமைந்தது. விவசாயக் குடும்பத்துக்கு அது போதாது. குசினி வேண்டும், நெல்மூட்டையும் உரப்பையும் மண்வெட்டியும் வைக்க இடம் வேண்டும். ஆகவே சுவரோடு சாய்த்து ஒரு பத்தி இறக்குகின்றோம். வேறு சிலர், கூரை போய்ச் சுவர் மட்டும் எஞ்சிய தம் பழைய வீட்டுக்குத் திரும்பி, நிற்கும் சுவரோடு நாலு தகரத்தைச் சாய்த்து வாழ்வைத் தொடங்கினர். இரண்டு இடத்திலும் புதிய கூரை பழைய சுவரைச் சந்திக்கின்றது. அந்தச் சந்திப்பை ஒழுங்காக மூடாவிட்டால், பத்தியில் வைத்த விதைநெல்லும் விதை வெங்காயமும் பழுதாகும். யூரியா கரைந்து கட்டியாகும். ஈரமான வளையையும் கைமரத்தையும் கறையான் தேடி வரும். நாளடைவில் சுவரின் சாந்தும் கரையும்.

சீமெந்து பூசினால் போதாதா?

பலரும் செய்வது இதுதான்: கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூலையில் சீமெந்துச் சாந்தை அப்பி, சரிவாகத் தேய்த்து விடுவது. முதல் மழைக்கு அது தாங்கும். ஒரு கோடை கடந்ததும் தலைமயிர் போன்ற வெடிப்பு விழும். அந்த வெடிப்புப் போதும். தண்ணீர் தானே வழி தேடிக்கொள்ளும்.

வெடிப்பதற்கு மேசனின் கைப்பிழை காரணம் என்று நினைக்க வேண்டாம். சீமெந்து காயும்போது சுருங்கும். அதன்பின் சுவர் அசையாது நிற்க, கூரை நாள்தோறும் அசைகின்றது. மரம் மழைக்கு ஊதிக் கோடைக்குச் சுருங்கும். தகரம் வெயிலில் நீண்டு இரவில் குறுகும். 10 அடி நீளமான தகரம் 40 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். அசையும் பொருளையும் அசையாத பொருளையும் இறுகப் பிணைத்தால், பிணைப்புத்தான் முதலில் உடையும்.

ஆகவே இரண்டையும் ஒட்டாமலே மூட வேண்டும். அதற்கெனப் பொருத்துவது ஒரு மெல்லிய உலோகத் தகடு. கட்டட வேலைக்காரர் இதைப் 'பிளாஷிங்' என்பர். நாம் இங்கு மூடுதகடு என்று சொல்வோம். தகட்டின் மேல் ஓரம் சுவருக்குள் செருகப்பட்டு இறுக்கப்படும். கீழ் ஓரம் கூரையின்மேல் கவிந்து படுத்திருக்கும். சுவரில் வழிந்து வரும் தண்ணீர் தகட்டின்மேல் இறங்கிக் கூரைக்குப் போய்விடும். கீழே கூரை எவ்வளவு அசைந்தாலும் தகட்டுக்கு ஒன்றுமில்லை.

கிடுகு வேய்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. தாவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி வேய்கின்றோம். மேலே உள்ளது கீழே உள்ளதை மூடுகின்றது. தண்ணீரைத் தடுத்து நிறுத்த முயலாமல், மேலிருந்து கீழே கைமாற்றி அனுப்புகின்றோம். மூடுதகட்டின் முழு இரகசியமும் இதுவே.

ஈயத்தகடு ஏற்றதா?

இந்த வேலைக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பயன்படுவது ஈயத்தகடு. இங்கு சொல்வது காரீயம். பாத்திரங்களுக்கு உட்புறம் பூசும் வெள்ளீயம் வேறு. வலையில் கட்டும் குண்டும் வாகனப் பற்றரியின் உள்ளே இருக்கும் தட்டும் காரீயத்தால் ஆனவை. அது மென்மையான உலோகம். மரச் சுத்தியலால் தட்டினால் ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்துவிடும்; துருப்பிடிக்காது; நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த ஈயக் கூரைகளும் உண்டு.

எனினும் எமது வீடுகளுக்கு அதைத் தெரிவு செய்யுமுன் மூன்று விடயங்களை யோசிக்க வேண்டும்.

முதலாவது, பாரமும் விலையும். இந்த வேலைக்கு வழக்கமான 1.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத்தகடு சதுர மீற்றருக்கு 20 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. 12 அடி நீளச் சுவருக்கு 13 அங்குல அகலத்தில் போடுவதானால், மேற்பொருந்தும் பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 26 கிலோ வேண்டும். அதே இடத்துக்கு 0.7 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு இரண்டரைக் கிலோ போதும்.

இரண்டாவது, எல்லாக் கூரைக்கும் ஈயம் பொருந்தாது. நாகமும் அலுமினியமும் பூசிய நிறத் தகரங்கள் இப்போது பரவலாக உள்ளன. இவற்றின்மேல் ஈயம் பட்டு நனைந்தால் தகரத்தின் பூச்சு அரிக்கப்பட்டு, துரு விரைவில் ஏறும். ஓட்டுக் கூரையில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதே மிக முக்கியமானது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிக்கும் வீட்டில் ஈயத்தகடு கூடாது. மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. சிறிது புளிப்புத் தன்மையும் உண்டு. அதனால் அது ஈயத்தை எளிதில் கரைத்து எடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இவ்வளவு ஈயம் உடலில் சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. துணியில் வடித்தாலும் போகாது. சிறுநீரக நோய்க்கு அஞ்சிக் கிணற்றுத் தண்ணீரை விட்டு மழைநீர்த் தொட்டிக்கு மாறிய குடும்பங்கள் வவுனியாப் பகுதியில் உள்ளன. ஒரு தீங்கிலிருந்து தப்பப் போய் இன்னொன்றைத் தொட்டிக்குள் விட்டுவிடக் கூடாது.

திரும்பி வந்த பழைய வீட்டில் முன்னரே ஈயத்தகடு இருந்தால், நல்ல நிலையில் உள்ளதைப் பிடுங்க வேண்டாம். அந்தக் கூரைப் பக்கத்தின் தண்ணீர் குடிநீர்த் தொட்டிக்குப் போகாதபடி பீலியைத் திருப்பி விடுங்கள்.

இன்னுமொரு எச்சரிக்கை. பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கித் தகடு செய்யலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். செனகல் நாட்டின் தலைநகர் டாக்காருக்கு அருகில், பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் எடுத்த ஒரு குடியிருப்பில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு குழந்தைகள் ஈய நஞ்சினால் இறந்தனர். மண்ணிலும் தூசியிலும் கலந்த ஈயமே அவர்களைக் கொன்றது. அதுபோல, இடிபாடுகளிலும் பற்றைகளிலும் பழைய உலோகம் தேடப் போய், இன்னதென்று அறியாத பொருளைத் தொட வேண்டாம். வெடிக்காத குண்டுக்கும் பழைய இரும்புக்கும் வேறுபாடு வெளியே தெரியாது.

ஆகவே எமது சிபாரிசு இது. நிறத் தகரக் கூரைக்கு அதே வகைத் தகரத்தில் வெட்டிய மூடுதகடு. ஓட்டுக் கூரைக்கும் அஸ்பெஸ்ரஸ் கூரைக்கும் அலுமினியத் தகடு அல்லது நாகம் பூசிய தகரம். குடிநீர் சேர்க்காத ஓட்டுக் கூரையில், வசதி இருந்தால் மட்டும் ஈயம்.

பொருத்தும் முறை

வேலையைக் கோடையில் செய்யுங்கள். முதலில் பழைய சீமெந்து அப்பலை உளியால் மெதுவாகக் கொத்தி அகற்றுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றாயின் அதை வெட்டவோ உரசவோ வேண்டாம். அதன் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் நன்றாக நனைத்து, கைவாளால் அறுங்கள்.

கூரையின் மேல் ஓரம் சுவரைத் தொடும் சாதாரண பத்தியை எடுத்துக்கொள்வோம்.

1. கூரை மட்டத்திலிருந்து 6 அங்குலம் உயரத்தில், சுவரில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். செங்கற் சுவரானால் அந்த உயரத்துக்குக் கிட்டவுள்ள சாந்து வரியைத் தெரிவு செய்யுங்கள். அந்த வரியிலுள்ள சாந்தை 1 அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். கல்லைக் கொத்த வேண்டியதில்லை. 4 அங்குலச் சுவரில் இதைவிட ஆழமாகப் போக வேண்டாம். கொங்கிறீற் வளையம் உள்ள இடத்தில் கம்பி வெளிப்படும்படி வெட்ட வேண்டாம்.

2. தகட்டை 13 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். சுவருக்குள் 1, சுவரின்மேல் 6, கூரையின்மேல் 6 என்பது கணக்கு. ஈயமானால் ஒரு துண்டு 5 அடிக்கு மேற்படக் கூடாது. நீண்ட துண்டு வெயிலில் நீண்டு, இரவில் குறுகி, நாளடைவில் மடிப்பு விழுந்து கிழியும். மற்றத் தகடுகள் 6 அல்லது 8 அடித் துண்டுகளாக இருக்கலாம்.

3. செருகும் 1 அங்குலப் பகுதியின் இரு புறமும் தார்ப் பூச்சுப் பூசிக் காயவிடுங்கள். ஈரமான சீமெந்தின் காரம் அலுமினியத்தையும் ஈயத்தையும் நாகத்தையும் அரிக்கும். இந்தப் பூச்சு அதற்குக் காவல்.

4. ஒரு நேரான பலகையின் விளிம்பில் வைத்து, கூரையின் சரிவுக்கு ஏற்பத் தகட்டை வளையுங்கள். கீழ் விளிம்பை அரை அங்குலம் கீழ்நோக்கி மடித்து விட்டால் காற்று எளிதில் தூக்காது. தண்ணீரும் பின்னோக்கி ஏறாது.

5. தகட்டைச் சுவர் வரிக்குள் செருகுங்கள். அதே தகட்டின் சிறு கீலங்களை மடித்து ஆப்பாக்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிக்குள் இறுக்குங்கள். ஒரு துண்டின்மேல் அடுத்த துண்டு 4 முதல் 6 அங்குலம் வரை மேற்பொருந்த வேண்டும். காற்று அதிகம் வீசும் திசையைப் பார்த்து மேற்பொருத்து வாய் இருக்கக் கூடாது.

6. வரியை நனைத்து, 1 பங்கு சீமெந்துக்கு 3 பங்கு மணல் சேர்த்த சாந்தால் நிரப்புங்கள். சாந்தகப்பையால் வெளிப்புறம் சாய்வாகத் தேயுங்கள். ஈரச் சாக்கால் மூடி ஒரு கிழமை நனைத்து வாருங்கள்.

தகட்டைச் சுவரிலும் கூரையிலும் சேர்த்து ஆணியடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் பழையபடி அசைவும் வெடிப்பும்தான். வயல்வெளி ஓரத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் வீடானால், தகட்டை இரு பாகமாகச் செய்யுங்கள். கீழ்த்தகடு கூரையோடு பிணைந்து, சுவரோரமாக 4 அங்குலம் நிமிர்ந்து நிற்கும். மேல்தகடு சுவரில் செருகப்பட்டு, அதன்மேல் கவிந்து தொங்கும். கூரை அசைந்தால் கீழ்த்தகடும் சேர்ந்து அசையும், மேல்தகடு அசையாது, தண்ணீர் மட்டும் இடையில் புகாது. கீழ்த்தகட்டுக்கு ஆணி அடிக்கும்போது தகரத்தின் மேட்டில், றப்பர் வளையத்துடன் அடியுங்கள். பள்ளத்தில் அடித்த ஒவ்வோர் ஆணியும் ஒரு குழாய்தான்.

கூரையின் பக்கம் சுவரைத் தொட்டால்

சில பத்திகளில் கூரையின் சரிவு சுவரோரமாகவே இறங்கும். இங்கு செங்கல் வரிகள் மட்டமாகவும் கூரை சரிவாகவும் இருப்பதால், ஒரே வரியில் தகட்டைச் செருக முடியாது. ஈயத்தகட்டைப் படிக்கட்டுப் போல வெட்டி, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு வரிக்குள் செருகுவது பழைய முறை. தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் எளிய வழி, கூரைச் சரிவுக்குச் சமாந்தரமாகச் சுவரில் 1 அங்குல ஆழத்தில் ஒரு வெட்டுப் போட்டுச் செருகுவது. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டிக்கொண்டு வெட்டுங்கள்.

துண்டுகளைத் தாவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிப் போடுங்கள். கிடுகு வேயும் ஒழுங்குதான். ஓட்டுக் கூரையில் தகடு முதல் ஓட்டின் மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். தாவாரத்தில் உள்ள முதல் துண்டின் கீழ் நுனியைச் சற்று வெளியே திருப்பி விடுங்கள். அந்த மூலையில் சேரும் தண்ணீர் சுவரில் வழியாமல் பீலிக்குள் விழ வேண்டும்.

கூரையின் கீழ் ஓரம் சுவரை நோக்கிச் சரியும்படி மட்டும் பத்தி இறக்க வேண்டாம். தண்ணீர் முழுவதும் சுவரில் வந்து தேங்கும். எந்தத் தகடும் அதை நெடுநாள் தாங்காது.

மண்கல் சுவரும் தற்காலிகக் கொட்டிலும்

சுடாத மண்கல் சுவரில் வரி வெட்டினால் சுவர் உதிரும். புதிதாகக் கட்டுபவர்கள் பத்திக் கூரை வரும் உயரத்தை மேசனிடம் முன்கூட்டியே சொல்லி, கல் அடுக்கும்போதே தகட்டை வரிகளுக்கு இடையில் வைத்துக் கட்டுவியுங்கள். அல்லது அந்த உயரத்தில் சுட்ட செங்கல் வரி ஒன்றை ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக் கட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதன் அடியில் ஒதுக்குங்கள். நீட்டிய வரி குடை போல நிற்கும்.

இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் தறப்பாளைச் சுவர் மூலையில் முடிக்காமல், சுவரின்மேல் ஓர் அடி ஏற்றி, மரச் சிலாகையால் அழுத்தி ஆணியடியுங்கள். சிலாகையின் மேல் இன்னொரு தறப்பாள் கீலத்தைக் கவிழ்த்து விடுங்கள். ஒரு மாரிக்கு அது போதும். ஆனால் எறிகணை பட்ட, தீப்பிடித்த, வெடித்து நிற்கும் சுவரில் எந்தக் கூரையையும் சாய்க்க வேண்டாம். ஈரம் ஏறிய பழைய சுவர் சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

சோதித்துப் பாருங்கள்

சாந்து இறுகிய பின், மழைக்குக் காத்திராமல் வாளித் தண்ணீரால் சோதியுங்கள். கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். முதலில் கூரையில் மட்டும் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். பின்னர் தகட்டின் கீழ் விளிம்பில், பின்னர் மேற்பொருத்துகளில், பின்னர் செருகிய வரியில், கடைசியில் மேலேயுள்ள சுவரில் ஊற்றுங்கள். எந்தக் கட்டத்தில் உள்ளே ஈரம் தெரிகின்றதோ அங்குதான் குற்றம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஒன்றும் விளங்காது.

சுவரில் ஊற்றும்போது மட்டும் உள்ளே நனைந்தால், தகட்டில் பிழையில்லை. பூச்சில்லாத சுவர் தண்ணீரைக் குடித்து, தகட்டின் பின்புறமாக இறக்குகின்றது. தகட்டுக்கு மேலேயுள்ள சுவரைப் பூசுவதே அதற்கு மருந்து.

ஈயத்தோடு வேலை செய்பவர்கள் வேலையிடத்தில் வெற்றிலை போடவோ பீடி பிடிக்கவோ உண்ணவோ கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். வெட்டுத்துண்டுகளை எண்ணிப் பொறுக்கி எடுங்கள். கிணற்றடியிலோ முற்றத்திலோ ஒன்றும் கிடக்கக் கூடாது. கர்ப்பிணித் தாய்மாரும் பிள்ளைகளும் அந்த இடத்துக்கு வராதிருப்பது நல்லது.

ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாதியில், காலபோக விதைப்பு வேலை நெருக்குமுன், ஏணி வைத்து ஒரு தடவை பாருங்கள். தகட்டின்மேல் சேர்ந்த சருகை அகற்றுங்கள். வரியில் சாந்து கழன்றிருந்தால் நிரப்புங்கள். காற்று தூக்கிய விளிம்பைத் தட்டிப் படிய வையுங்கள். அரை நாள் வேலை. தனியே செய்ய முடியாதவர்கள், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், அயலாரோடு கைமாற்று வேலையாகச் செய்யலாம். நாற்று நடவுக்குக் கைமாறுவது போல ஏணிக்கும் உளிக்கும் கைமாறலாம். ஐந்து வீட்டார் சேர்ந்து தகட்டை மொத்தமாக வாங்கி ஒரே இடத்தில் வெட்டி வளைத்தால், கூலியும் கழிவும் குறையும்.

பல தடவை விட்டு வந்த வீட்டை மீண்டும் கட்டியெழுப்பிய மக்கள் நாம். அதை ஓர் அங்குல வெடிப்புக்குப் பறிகொடுக்கத் தேவையில்லை. ஐப்பசி மழை இறங்குமுன் உங்கள் பத்தி சுவரைத் தொடும் இடத்தை ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.